கடைசியாக இறங்குகிறவள்

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கண்டக்டரம்மா பஸ்ஸை விட்டுக் கடைசி ஆளாகத்தான் இறங்குவாள். கடைசி ஸ்டாப்பில் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, பின் சீட்டிலிருந்து முன் சீட்டு வரைக்கும் ஒரு நடை. குனிந்து சீட்டுக்கு அடியில் ஒரு பார்வை, நிமிர்ந்து மேல் தட்டில் ஒரு பார்வை. குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, பல் செட், ஒரு தடவை உயிருள்ள ஆமை என்று எல்லாம் அவள் கையில் அகப்பட்டிருக்கின்றன. ஆமையைத் தேடி வந்த மனிதர் ஆமையைவிட மெதுவாக வந்து சேர்ந்தார் என்று டிப்போவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. சேர்ந்த புதிதில், கடைசி சீட்டில் சுருண்டு தூங்கிய ஒருவரைக் கவனிக்காமல் வண்டியை டிப்போவுக்கு விட்டுவிட்டார்கள். அவர் கண் விழித்தது பஸ் கழுவும் ஷெட்டில். ஜன்னல் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்க, மழை என்று நினைத்துக் குடையை விரித்திருக்கிறார். விரித்த குடையோடு நேரே மேனேஜர் அறைக்குள் நுழைந்தும் விட்டார். அன்றைக்கு வாங்கிய திட்டு கண்டக்டரம்மாவின் காதில் இன்னும் காயவில்லை.

அவள் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். நீளமாக ஒரு ஊதல் என்றால் நில். குட்டையாக இரண்டு என்றால் போ. அவளோடு ஓடும் டிரைவர், பெண்டாட்டி பேச்சைக்கூடத் தட்டுவார், இந்த விசிலைத் தட்ட மாட்டார். விசிலுக்கு அடுத்தபடி அவளிடம் இருந்தது ஒரு பொய். பஸ்ஸைப் பிடிக்க ஓடி வருகிறவர்களைப் பார்த்து இனிக்க இனிக்கச் சிரித்து, “பின்னாடி ஒரு வண்டி காலியா வருது, அதுல வாங்க” என்பாள். அப்படி ஒரு வண்டி வந்ததைப் பார்த்தவர் யாருமில்லை. தினமும் காலையில் சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி ஓடி வரும் தொப்பைக்காரர் ஒருவர் உண்டு. அவர் படிக்கு வந்து சேர்வதற்கும் இவள் இரண்டு ஊதல் ஊதுவதற்கும் சரியாக இருக்கும். பாவம், அவரும் அந்தக் காலி வண்டியை நம்பித்தான் காலத்தை ஓட்டினார்.

ஊரார் எல்லாரையும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள், தன் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. மகளின் பள்ளி ஆண்டு விழா, பேச்சுப் போட்டி, நர்ஸ் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கிய நாள் என்று எதை எடுத்தாலும், யூனிபார்மோடு மூச்சு வாங்க இவள் போய் நிற்கும்போது அங்கே நாற்காலி மடித்துக்கொண்டிருப்பார்கள். சும்மா நிற்கத் தெரியாதவள், அவளும் சேர்ந்து மடிப்பாள். “அம்மா வந்தாச்சா? அப்ப நாற்காலியை மடிக்கலாம்” என்று மகள் கேலி செய்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கண்டக்டரம்மாவும் சிரிப்பாள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

மகள் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அங்கேயே ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பையனைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றபோது வீட்டில் பெரிய ரகளை எதுவும் நடக்கவில்லை. “டிரைவர்தானே, சொன்னா நிறுத்துவான்” என்று கண்டக்டரம்மா ஒரே வரியில் சம்மதித்துவிட்டாள். பதிவு அலுவலகத்தில் காலை பதினொரு மணிக்குக் கையெழுத்து, பக்கத்து அறையில் வேண்டியவர்கள் கூடி உட்காரக் கொஞ்சம் நாற்காலி. அவ்வளவுதான் கல்யாணம். தையற்காரரான அவள் வீட்டுக்காரர் ஒரு மாதம் முன்னாலேயே போய்விட்டார். இவளுக்குத்தான் லீவு கிடைக்கவில்லை. மேனேஜர் இழுத்தடித்து, ஆள் இல்லை, அது இல்லை, இது இல்லை என்று கடைசியில் மனம் இரங்கியபோது, நல்ல விமானமெல்லாம் நிரம்பிவிட்டது. நடுவில் ஒரு நாட்டில் இறங்கி வேறு விமானம் மாறிப் போகிற டிக்கெட்தான் மிச்சம். கல்யாணத்தன்று விடிகாலையில் கொண்டுபோய் இறக்கும்.

மகள் போனில் சொன்னாள். “அம்மா, நடுவுல மாறுறதுக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருக்கு. அதை விட்டா அடுத்த ப்ளைட் ரெண்டு நாள் கழிச்சுத்தான்.”

“நான் எத்தனை பேரை பஸ் மாத்தி விட்டிருக்கேன். எனக்கே சொல்றியா நீ?”

“சரிம்மா. ஒருவேளை வர முடியலேன்னா டென்ஷன் ஆகாதே. ஆபீஸ்ல தேதியை மாத்த மாட்டாங்க. நாங்க பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக்கறோம். எனக்குப் பழக்கம்தான்.”

மகள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே சமாதானம்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. போனை வைத்ததும் கண்டக்டரம்மா இந்தப் பழக்கத்தை இந்தத் தடவை உடைத்தே தீருவது என்று முடிவு செய்தாள்.

அடுத்து வீட்டுக்காரர் போனில் பேசினார். “இங்க பாரு, வீல்சேர் வேணும்னு கேட்டு வாங்கிக்கோ. நான் அப்படித்தான் வந்தேன். ராஜா மாதிரி தள்ளிட்டுப் போனாங்க.”

“உங்க காலுக்கு என்னங்க வந்தது?”

“காலுக்கு ஒண்ணுமில்லை. பயமா இருந்துச்சு, அதான்.”

“நான் நடந்தே வரேன். நீங்க நேரத்துக்கு வாசலுக்கு வந்து நில்லுங்க, போதும்.”

கிளம்பும் நாளன்று, வீட்டுக்காரர் தைத்து வைத்துவிட்டுப் போன புதுத் துணியைப் பெட்டியில் மடித்து வைத்தாள். பெட்டி சரக்கோடு சரக்காகப் போனது. விசில் கழுத்திலேயே இருந்தது. சோதனை செய்யும் இடத்தில் ஓர் அதிகாரி அதை விரல் நுனியில் தூக்கிப் பார்த்து, இது என்னம்மா என்று கேட்டார். “ஊதிக் காட்டட்டுமா சார்?” என்று ஆசையாகக் கேட்டாள். அவர் பதறிப்போய் அவள் கையிலேயே திணித்துவிட்டார்.

விமானத்துக்குள் நுழைந்ததும் அவளுக்குப் பாதி பயம் போய்விட்டது. நடுவில் நடை, இரண்டு பக்கமும் சீட்டு, மேலே தட்டு. கொஞ்சம் நீளமான பஸ், அவ்வளவுதானே! கையில் ஒரு சின்ன மெஷினை அழுத்தி அழுத்தி ஆட்களை எண்ணிக்கொண்டே போன பணிப்பெண்ணைப் பார்த்ததும் சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி இருந்தது. “எத்தனை டிக்கெட் ஏறியிருக்கு?” என்று பிரியமாக விசாரித்தாள். அந்தப் பெண்ணோ எண்ணிக்கையை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

அதனால்தானோ என்னவோ, வண்டி கிளம்பவே இல்லை. கதவைச் சாத்தினார்கள், பெல்ட்டைப் போடச் சொன்னார்கள், பிறகு எல்லாரும் அவரவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டரம்மாவுக்கு உள்ளங்கை அரித்தது. “அப்படி என்னதான் பண்றாரு அங்க? டீ குடிக்கப் போயிட்டாரா?” என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் கம்பளியைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டார். அரை மணி நேரத்துக்கு மேல் கழித்து விமானம் நகர்ந்தது. அந்த அரை மணியும் அவளுடைய ஒன்றரை மணியிலிருந்து போனதுதான் என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

நடு நாட்டில் தரை தொட்டதும் மொத்த ஜனமும் எழுந்து நின்று தலைக்கு மேலிருந்த பைகளை உருவ ஆரம்பித்தது. நியாயமாக இவளும் முண்டியடித்திருக்க வேண்டும். ஆனால் முப்பது வருஷத்துப் பழக்கம் மனுஷியை விடுமா? “மெதுவா, மெதுவா, முன்னாடி போங்க, வழியில நிக்காதீங்க” என்று தன்னையறியாமல் குரல் கொடுத்தாள். பிள்ளைக்காரிக்குப் பையை இறக்கிக் கொடுத்தாள். தடுமாறிய பெரியவரைத் தோளைப் பிடித்து நடையில் விட்டாள். கூட்டம் வடிந்ததும் கால்கள் தானாகப் பின் சீட்டுக்குப் போயின. குனிந்தாள், நிமிர்ந்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். ஒரு கண்ணாடி, ஒரு குழந்தைச் சாக்ஸ், பாதி படித்த புத்தகம். கண்ணுக்குத் திரை கட்டிக்கொண்டு வாயைத் திறந்து தூங்கிய ஒரு மனிதர்.

“ஐயா, எழுந்திருங்க. கடைசி ஸ்டாப் வந்தாச்சு” என்று உலுக்கினாள்.

பணிப்பெண் ஓடி வந்தாள். கண்டக்டரம்மாவின் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். மொழி வேறாக இருந்தாலும் விஷயம் விளங்கிவிட்டது. இது எங்கள் வேலை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ ஓடு தாயே, ஓடு! கண்டெடுத்ததையெல்லாம் அவள் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் கண்டக்டரம்மா ஓடினாள். அதிலும் ஒழுங்கு தவறக்கூடாதல்லவா?

அந்த விமான நிலையம் ஓர் ஊர் அளவுக்கு இருந்தது. அவள் ஏற வேண்டிய விமானம் நிற்பது வேறொரு கட்டடத்தில். அங்கே போவதற்கு உள்ளேயே ஒரு ரயில். இரண்டு பெட்டி, பளபளவென்று கண்ணாடிக் கதவு. ஏறியதும் முன்பக்கம் எட்டிப் பார்த்தாள். டிரைவர் இல்லை. திரும்பிப் பின்பக்கம் பார்த்தாள். கண்டக்டரும் இல்லை. அப்படியென்றால் ரைட் கொடுப்பது யார்? ஆள் ஏறியாயிற்றா இல்லையா என்று பார்ப்பது யார்? ஏறினவர்களோ வாசலை அடைத்துக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

“உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல எவ்வளவு இடம் சும்மா கிடக்கு!”

பல தேசத்து மக்களும் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே நகர்ந்தார்கள். ஒருத்தருக்கும் பாஷை புரியவில்லை, குரல் புரிந்தது.

ரயில் போய் நின்றது. கதவு திறந்தது. இங்கேதான் நம் கண்டக்டரம்மா, இப்போதுதான் ஒரு பாடு பட்டிருக்கிறோமே என்ற நினைப்பு கொஞ்சமும் இல்லாமல், மறுபடியும் வாசலோரமாக ஒதுங்கி நின்று மற்றவர்களை இறக்கிவிட ஆரம்பித்தாள். தள்ளுவண்டிக் குழந்தை இறங்கியது. ஊன்றுகோல்காரர் இறங்கினார். எல்லாரும் இறங்கியாயிற்று. வழக்கம்போல ஒரு பார்வை பார்க்கத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். கதவு மூடிக்கொண்டது. ரயில் வந்த வழியே திரும்பிக் கிளம்பிவிட்டது.

“டேய்! ஆள் இறங்கறதுக்குள்ள எவன்டா ரைட் குடுத்தது?” என்று ஆளில்லாத முன்பக்கத்தைப் பார்த்துக் கத்தினாள்.

 காலிப் பெட்டியில் அவள் மட்டும் நின்றாள். கோபம் போய் அழுகை வந்தது. எனக்குப் பழக்கம்தான் என்று மகள் சொன்னது ஞாபகம் வந்தது. யார் யாருடைய பிள்ளைகளையோ படியிலிருந்து பத்திரமாக இறக்கிவிட்டு இறக்கிவிட்டே தன் பிள்ளையைக் காக்க வைத்தோமே என்று முதல் முறையாக அவளுக்கு உறைத்தது. விசில் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். அதற்குள் ரயில் கிளம்பின இடத்துக்கே வந்து நிற்க, புதுக் கூட்டம் ஏறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கு கண்ணாடியில் ஒட்டுகிற மாதிரி கதவோடு கதவாக நின்றுகொண்டாள். இந்தத் தடவை யாரையும் உள்ளே போகச் சொல்லவில்லை. யார் எப்படிப் போனால் என்ன!

கதவு ஒரு கை அகலம் திறந்ததும் பிதுங்கி வெளியே வந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு மலை மாதிரி ஆளை முழங்கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுத்தான் வந்தாள். அவள் ஆயுசில் ஒரு வண்டியிலிருந்து முதல் ஆளாக இறங்கியது அன்றைக்குத்தான்.

வழி தெரியவில்லை. எதிரே ஒரு உதவி மேஜை. அதன் பின்னால் உதட்டுச் சாயம் கலையாமல் ஒரு பெண். டிக்கெட்டைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், கை நீட்டி ஒரு திசையைக் காட்டினாள். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இனிக்க இனிக்கச் சிரித்து, ஜாடையும் சின்னச் சின்ன இங்கிலீஷ் வார்த்தையுமாக, கேட்டை மூடுகிற நேரம் ஆகிவிட்டது, இனி பிடிக்க முடியாது, இரண்டு நாள் கழித்து வருகிற விமானத்தில் நிறைய இடம் இருக்கிறது என்றாள்.

கண்டக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். அது அவளுடைய சிரிப்பு! பின்னாடி ஒரு வண்டி காலியா வருது! “அதெல்லாம் நான் எத்தனை பேருக்கு விட்ட கதை, என்கிட்டயேவா?” என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் காட்டிய திசையில் ஓட்டம் பிடித்தாள்.

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி ஓடினாள். ஓடும்போதுதான் தொப்பைக்காரர் கண் முன்னால் வந்தார். ஐயா, புண்ணியவானே, என்னை மன்னிச்சிடுங்க, ஊருக்குத் திரும்பினதும் ஒரு மாசம் உங்களுக்காக வண்டியை நிறுத்தி ஏத்திக்கறேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். மூச்சு முட்ட முட்ட, ஒரு மாசம் ஒரு வருஷமாகியது.

நீண்ட கூடத்தின் கோடியில் அவளுடைய கேட் தெரிந்தது. வரிசை எதுவும் இல்லை. நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் கதவில் கை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டிருந்தாள். “ஏம்மா! நில்லும்மா!” என்று கத்தினாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. நடுவில் அத்தனை பெட்டி, அத்தனை ஜனம், மேலே ஓயாத அறிவிப்பு. கதவு பாதி மூடிவிட்டது. கண்டக்டரம்மா நின்றாள். இருந்த மூச்சை எல்லாம் சேர்த்து விசிலை வாயில் வைத்தாள்.

நீளமாக ஒன்று.

கூடமே நின்றது. பெட்டி இழுத்தவர்கள் இழுத்த கையோடு நின்றார்கள். காபி குடித்தவர் கோப்பையை உதட்டிலேயே வைத்துக்கொண்டு நின்றார். தரை துடைக்கும் மெஷின் நின்றது. துப்பாக்கி வைத்திருந்த இரண்டு போலீஸ்காரர்கள் தாங்கள்தான் எல்லாரையும் நிறுத்த வேண்டியவர்கள் என்பதையே மறந்து நின்றார்கள். நீலக் கோட்டுப் பெண்ணும் கதவில் வைத்த கையோடு நின்றாள். சிலை சிலையாக நின்ற கூட்டத்துக்கு நடுவே ஒரே ஒருத்தி மட்டும் குலுங்கிக் குலுங்கி ஓடினாள்.

“ஊதினது நீங்களா?” என்று ஜாடையில் கேட்டாள் நீலக் கோட்டுப் பெண். முகத்தில் இன்னும் அதிர்ச்சி போகவில்லை.

கண்டக்டரம்மா டிக்கெட்டை நீட்டினாள், தலையை ஆட்டினாள், கும்பிட்டாள். போலீஸ்காரர்கள் சுதாரித்துக்கொண்டு வருவதற்குள் அந்தப் பெண், என்ன நினைத்தாளோ, அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். எங்கே இருந்தாலும் அவள் நன்றாக இருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் விமானம் போய் இறங்கியது. வீட்டுக்காரர் வாசலில் நின்றார். பெண்டாட்டியைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணால் அவள் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“பெட்டி எங்க?”

“நான் ஓடின ஓட்டத்துக்கு அது வர முடியல. பின்னாடி ஒரு வண்டி காலியா வருதாம், அதுல வருமாம்.”

“ஐயோ, நான் தைச்ச புதுத் துணி!”

“துணியா கல்யாணம் பண்ணிக்கப் போகுது? முதல்ல என்னை அந்த ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“இவ்வளவு சீக்கிரமாவா? அங்க இன்னும் யாருமே வந்திருக்க மாட்டாங்களே!”

“அதுக்குத்தான்” என்றாள் கண்டக்டரம்மா.

அலுவலகக் காவலாளி அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். பக்கத்து அறையில் நாற்காலிகள் மடித்தபடி சுவரோடு சாய்ந்திருந்தன. கண்டக்டரம்மா கலைந்த தலைமுடியை ஒதுக்கிவிட்டு வேலையில் இறங்கினாள். ஒவ்வொன்றாக எடுத்து, விரித்து, தூசி தட்டிப் போட்டாள். எங்கே போடுகிறோம் என்று யோசித்துப் போடவில்லை. இடது பக்கம் இரண்டிரண்டாக, வலது பக்கம் மும்மூன்றாக, நடுவில் ஓர் ஆள் நடக்கிற வழி. வீட்டுக்காரர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, “ஏம்மா, இது பஸ் மாதிரியில்ல இருக்கு?” என்றார்.

“இருந்துட்டுப் போகட்டும். நீங்க வழியில நிக்காதீங்க.”

கொஞ்ச நேரத்தில் மகள் வந்தாள். உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். நடுவழியில், நேற்றுக் கட்டின கசங்கின துணியோடு, கழுத்தில் விசிலோடு, கையில் கடைசி நாற்காலியோடு அம்மா.

“அம்மா! நீ எப்பம்மா வந்தே?”

கண்டக்டரம்மா வாயைத் திறந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேலி ஒன்று உண்டு. அது வரவில்லை. நாற்காலியை விரித்துப் போட்டாள்.

“வா, உட்காரு. உனக்கு முன்னாடியே வந்துட்டேன்” என்றாள்.

மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டு, செய்துகொண்டிருந்த அலங்காரமெல்லாம் பாழாகும்படி அழுதாள். பழக்கம் என்றெல்லாம் சொன்ன பெண்ணுக்கு இத்தனை அழுகை எங்கே இருந்தது என்று வீட்டுக்காரர் வியந்து போனார். பின்னாலேயே வந்த ஆம்புலன்ஸ் மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார்.

பதினொரு மணிக்குக் கையெழுத்து ஆனது. அம்மா பெயரை எழுத வேண்டிய இடத்தில் அம்மாவே எழுதினாள். படம் எடுக்கும்போது, “விசில் மட்டும் வேணாம்மா, ப்ளீஸ்” என்று மகள் கெஞ்ச, கழற்றி முன் நாற்காலியில் வைத்தாள். படம் எடுத்து முடிந்ததும் வந்தவர்கள் வாசல் பக்கம் நகர்ந்தார்கள். கண்டக்டரம்மாவின் கால்கள் தானாகக் கடைசி வரிசைக்குத் திரும்பின. குனியப் போனவளின் கையை மகள் பிடித்துக்கொண்டாள்.

“விடும்மா. நீ என்னோட வா. நாமதான் முதல்ல இறங்கணும்.”

ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் மாப்பிள்ளை. கண்டக்டரம்மா திரும்பிப் பார்க்காமல் கூட்டத்துக்கு முன்னால் நடந்து படியிறங்கினாள்.

அறையில் வீட்டுக்காரர் மட்டும் மிச்சம். பெருமூச்சு விட்டபடி நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்தார். முன் நாற்காலிக்கு வந்தபோது அதில் விசில் கிடந்தது. அவர் குடும்பம் நடத்திய இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பொருளை மறந்து வைத்துவிட்டுப் போய் அவர் பார்த்ததே இல்லை. அதைக் கையில் எடுத்தார், வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார், பயந்து பயந்து வாயில் வைத்துக் குட்டையாக இரண்டு ஊதினார்.